பத்து லட்சத்து மூன்று

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நானும் சின்னவளும் நலம். அவளுக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிரேனில் ஏறும்போது அந்த பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போனில் நீங்களும் கத்தினீர்கள், நானும் கத்தினேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாதே!

மின் மீட்டர் அலுவலக வேலைக்கான தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் வேலை போனது உங்களுக்குத் தெரியும். இவற்றில் பகா எண் எது என்ற கேள்விக்கு 1000003 என்று குறித்தேன். அவர்களுடைய விடைக்குறிப்பில் 'எதுவுமில்லை' என்றிருந்தது. ஆட்சேபணை கொடுக்கப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர், "இவ்ளோ பெரிய நம்பரை ஏதாவது ஒண்ணு வகுக்காமலா போகும்?" என்று சிரித்தார். எந்த ஒன்று என்று கேட்டேன். ஏழாக இருக்கும் என்றார். அங்கேயே வகுத்துக் காட்டினேன். மீதி நான்கு.

அந்த எண் இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரியுமானால், சின்னது ஆயிரத்தைத் தாண்டாது. ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டுதான். மருந்துக்கடை வேலைக்கு நடுவே சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, தாளுக்குப் பன்னிரண்டாக, அத்தனையாலும் கையாலேயே வகுத்தேன். பதினான்கு தாள். எல்லாவற்றிலும் மீதி வந்தது.

என் ஆட்சேபணை மீதான விசாரணையில் அவர்களுடைய நிபுணர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒன்பதாவதில் 541க்கு நேரே மீதி 253 என்று எழுதியிருந்தேன். "தப்பு" என்று சிவப்பில் வட்டம் போட்டார். அவர் முன்னாலேயே மறுபடி வகுத்தேன். 235. "சார், எழுதினது தப்புதான். ஆனா மீதி இருக்கே!" என்றேன். அவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

அப்புறம்தான் விசாரணை நடத்திய அதிகாரி, "கருணை மதிப்பெண்ணுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா, வேலை உனக்குத்தான்" என்றார். நீங்களும் போனில் அதைத்தான் சொன்னீர்கள். நான் போடவில்லை. சரியாக எழுதியவளுக்கு எதற்குக் கருணை? விடைக்குறிப்பைத் திருத்தி, சரியாக எழுதிய எல்லோருக்கும் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்களன்று திருத்திவிட்டார்கள். எனக்கு ஒன்று கூடியது. எனக்கு மேலே இருந்தவர்களும் அதையே எழுதியிருந்ததால் அவர்களுக்கும் கூடியது. நான் பழையபடி ஒன்று குறைவு. பக்கத்து வீட்டு அக்கா, "உனக்கு நீயே குழி வெட்டிக்கிட்டியேடி" என்றார். இருக்கட்டும். அவர்களுடைய விடைக்குறிப்பில் இப்போது சரியான விடை இருக்கிறது.

இந்த வேலை கிடைத்தால் நீங்கள் திரும்பி வந்துவிடலாம் என்று பேசிவைத்திருந்ததை நான் மறக்கவில்லை. சின்னவள் 'அப்பா' என்று போனைத்தான் கூப்பிடுகிறாள். அதற்கு அழுதேன். கையெழுத்துப் போடாததற்கு ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

கோபமிருந்தால் ஆசை தீரத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். முதலில் அவளிடம் பேசுங்கள், பிறகு என்னிடம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்களுடையவள்