வேலை நின்ற நாளின் சம்பளம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நேற்று குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று சமையலறை முழுக்கத் தண்ணீர் விட்டார், பிறகு வந்த குழாய்க்காரருக்கே பாடம் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். உங்கள் பிஸ்கட் ஆலையில் அடுப்பு பழுதாகி வேலை நின்றுவிட்டது, 'என் சொந்த விருப்பத்தில் வீட்டுக்குப் போகிறேன்' என்று ஒரு தாளில் மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்றாய். எங்க சூப்பர்வைசர் அக்கா ரொம்ப நல்லவங்கம்மா, எங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க என்றாய். லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது கண்ணு.

நான் தையல் ஆலையில் சூப்பர்வைசராக இருந்தது உனக்குத் தெரியும். அங்கே இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லர் அடிக்கடி மக்கர் பண்ணும். பாய்லர் நின்றால் இஸ்திரி மேசைகள் நிற்கும், பின்னாலேயே முழு வரிசையும் நிற்கும். உடனே மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பாவம், எதுக்கும்மா வெக்கையில உக்காந்திருக்கணும், வீட்டுக்கு அனுப்பிடுங்க என்பார். தங்கமான மனுஷன் என்று நினைத்து, ஒவ்வொருத்தியின் வருகைக் கார்டையும் நானே வாங்கி, மெஷினில் செருகி, வெளியேறும் நேரம் அடித்துக் கொடுத்தேன். வேலைக்கு வந்தபின் ஆலையால் வேலை நின்றால், இரண்டு மணி நேரம் உள்ளே காத்திருந்தவர்களுக்குப் பாதி நாள் சம்பளம் உண்டு, முன்பே போனவர்களுக்கு இல்லை என்று ஆபீஸ் கிளார்க் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் கார்டு அடித்தேன். சூப்பர்வைசர் வேலை போய்விடும், உன் படிப்பு பாதியில் நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்ததற்காவது மன்னிப்பு உண்டு, தெரிந்தே செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இஸ்திரிக்காரி ஒருத்தியைப் பற்றி வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்வேனே, ஆமை நடை நடப்பாள் என்று 'மின்னல்' எனப் பேர் வைத்திருந்தோமே, அவளைத் திங்கட்கிழமை தேடிப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை நிற்கிற அன்றெல்லாம் கடைசிவரை எழுந்திருக்காதவள் அவள்தான். மூச்சு வாங்குது அக்கா, கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேனே என்பாள். நான்தான் கையைப் பிடித்து எழுப்பி, அவள் சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் கொண்டுவிடுவேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள், எனக்கு அந்த ரூல் முதல்லேருந்தே தெரியும் அக்கா, அதுக்குத்தான் உக்காந்திருப்பேன், ஆனா நீங்க அவ்வளவு பாசமா கையப் புடிச்சா எப்படி மாட்டேன்னு சொல்றது என்று. அவள் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அவளும் இன்னும் சிலரும் அந்தப் பாதி நாள் சம்பளங்களைக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். கார்டு அடித்தது என் கைதான், யாரும் தானாகப் போகவில்லை என்று நாளைக்குப் போய் எழுதிக் கொடுக்கப்போகிறேன். பழைய சம்பளம் வருமோ வராதோ, எனக்குக் கெட்ட பேர் நிச்சயம் வரும், வரட்டும். உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை என்று அப்பா முதலில் குதித்தார். இப்போது என் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார்.

நீ இருக்கிற ஊரின் சட்டம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்களிடம் கேள். கேட்கும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வேலைக்கு வந்த நேரத்தைத் தேதியோடு குறித்து வை. போகச் சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேள். உன் சூப்பர்வைசர் அக்கா நல்லவளாகவே இருக்கட்டும். நானும் நல்லவள் என்றுதான் அத்தனை பேரும் சொன்னார்கள்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும். இரவில் ஈரத்தலையோடு படுக்காதே. இதைப் படித்த பிறகு என்மேல் கோபம் வந்தால் மறைக்காமல் போனில் சொல், இந்தத் தடவை போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா