முப்பத்தொன்றிலேயே நிற்கும் திரை

விருதுநகர்,
11.9.2025

அன்புள்ள ரோஷினி,

படிப்பு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவள் ஒரு வரிகூட எழுதவில்லையே. இங்கே விடுதியில் பரீட்சை முடியும்வரை போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் காலேஜ் பஸ் ஓட்டும் சங்கிலிமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அறையின் வெப்பத்தைத் திரையில் காட்ட நாம் சேர்ந்து எழுதிய சி புரோகிராமை இன்று லேபில் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் சென்சார் வயரைப் பிடுங்கினேன். புரோகிராம் நிற்கவில்லைடி. சென்சாரைப் படிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று நாம் எழுதவே இல்லை. கடைசியாகப் படித்த வெப்பத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. உங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு அதைத்தானே போட்டிருக்கிறோம்? அங்கேதான் என் அம்மா நிற்கிறாள். உன் அப்பாவிடம் உடனே சொல்.

உன்
வேல்விழி

சிவகாசி,
12.9.2025, காலை

அன்பு வேல்விழி,

அப்பாவிடம் சொன்னேன், பாதிதான். தப்பு நம்முடையது என்று சொல்ல வாய் வரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "எம் மக எழுதுனது" என்று அந்தத் திரையைக் காட்டுகிறார். "திங்கக்கிழமையில இருந்து முப்பத்தொண்ணு டிகிரிதான் காட்டுது. சீசன் நேரத்துல ரூமைப் பூட்டச் சொல்றியாக்கும்?" என்றார். அவரிடம் எனக்கு மறுபேச்சு வராது, உனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

ரோஷினி

விருதுநகர்,
12.9.2025, மாலை

ரோஷினி,

ராத்திரியும் முப்பத்தொன்று, உச்சி வெயிலிலும் முப்பத்தொன்றா? வயர் போய்விட்டதுடி. அம்மாவுக்கு இன்று காலை சங்கிலிமுத்து அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினேன். "மொதலாளி மக போட்டது தப்பா இருக்குமா? சீசன்ல வராட்டி வேற ஆளு சேத்துருவாக" என்று கம்பெனி வேனேறிப் போய்விட்டாளாம்.

நீ யாரையும் கேட்காதே. வெப்பம் நாற்பதைத் தாண்டினால் சைரன் அடிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்தோமே, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதை நீயே ஓட்டு, திரையில் எந்த எண் இருந்தாலும் சைரன் அடிக்கும். ஒரு வரிதான். என் அம்மாவை வெளியே கொண்டுவா.

வேல்விழி

சிவகாசி,
13.9.2025

வேல்விழி,

மத்தியானம் ஓட்டிவிட்டேன். சைரன் அலறியதும் எல்லாரும் தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். உன் அம்மா கடைசியாக வந்தாள், தலை சுற்றி விழுந்த ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு. அத்தனை பேர் முன்னால் அப்பா என்னை அறைந்தார். போர்மேன் அய்யாதுரை அண்ணாச்சி தெர்மாமீட்டரோடு உள்ளே போய்விட்டு வந்தார். "நாப்பத்தி நாலு, மொதலாளி." அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அறையைப் பூட்டினார்கள். வயரை எலி கடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அப்பா கேட்டார்: "ஒனக்கு இதை யாரு சொன்னா?" சத்தம்கூடப் போடவில்லை. அந்தக் குரலுக்குப் பயந்து உன் பெயரைச் சொல்லிவிட்டேன். வெளியே பேச்சுப் போய்விடும் என்று உன் அம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை புது வயர் போட்டு அறையைத் திறக்கிறார்கள்.

ரோஷினி

விருதுநகர்,
15.9.2025

ரோஷினி,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அதற்கு உனக்கு நன்றி. சாத்தூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறாள். அங்கே இப்படி ஒரு திரைகூடக் கிடையாதாம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வயரை மாற்றினால் போதும் என்று உன் அப்பா நினைக்கிறார். உள்ளே ஓடுவது பழைய புரோகிராம்தான். திருத்தி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இனி வயர் அறுந்தால் எண் காட்டாது, சைரன் அடிக்கும். அவரிடம் கேட்டுப் போடுவாயோ, கேட்காமல் போடுவாயோ, எனக்குத் தெரியாது. அம்மா நின்ற இடத்தில் நாளைக்கு வேறு ஒருத்தி நிற்பாள்.

இதைப் போட்ட பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

வேல்விழி