துடைப்பமும் மூன்று நாள் கெடுவும்

இலோய்லோ,
செவ்வாய்க்கிழமை

குவைத்தில் இருக்கும் அக்காவுக்கு,

"தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் ஓடிட்டியாடா, பயந்தாங்கொள்ளி?" என்று ஆன்லைன் செஸ்ஸில் எழுதியிருந்தாய். ஒரு காய் நகர்த்த மூன்று நாள் கெடு. அதற்குள் நான் ஆடவில்லை, நீ ஜெயித்துவிட்டாய். இருக்கட்டும்.

வீட்டில் கூட்டம். பந்தலில் ராத்திரியெல்லாம் கண் விழித்துச் சீட்டாடுகிறவர்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்தே பொழுது போகிறது. துடைப்பத்தை எடுத்தேன், மிலாக்ரோஸ் அத்தை பிடுங்கிக்கொண்டார். "பெட்டி வெளிய போற வரைக்கும் பெருக்கக் கூடாதுடா. இன்னொரு உசிரும் கூடப் போயிடும்."

செஸ்ஸில் லீவு போட்டு ஆட்டத்தை நிறுத்திவைத்திருக்கலாம். எதற்கு லீவு என்று நீ கேட்பாய். "அவகிட்ட சொல்லாதே, வேலையை விட்டுட்டு ஓடி வந்துருவா." அம்மா கடைசியாகச் சொன்னது அதுதான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாங்கள் வீட்டைப் பெருக்கியிருப்போம்.

உன் தம்பி