பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பிய வேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு என்னைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருக்கவேண்டும் என்று முழங்காலில் நிற்கும்போதெல்லாம் கேட்கிறேன். பேத்தி வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கியதைச் சபையில் ஒருத்தர் விடாமல் சொல்லியாயிற்று, ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படி ஒரு பேத்தியா என்று வாயைப் பிளக்கிறார்கள். அந்தப் பெருமையோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் அப்புறம் பேசுறேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர், நம்ம பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்ய உன் சபைக் குழு இந்த விடுமுறைக்கும் வருகிறது என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் இல்லத்தில் பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது விஷயத்தைச் சொன்னேன். மற்றதுகள் குதித்தன. குருவி மட்டும் குதிக்கவில்லை. சாப்பாட்டைக் கொத்திக் கொத்தித் தின்பாளே, உன் மடியை விட்டு இறங்காமல் கிடந்தாளே, அவள்தான். பாட்டி, அக்கா இருக்கிற வரைக்கும் நான் தூங்காம இருந்துக்கிறேன், நீங்க போதகர்கிட்ட சொல்லிடுங்க என்றாள். சீப்பு அப்படியே நின்றுவிட்டது எனக்கு.

போன விடுமுறைக்கு வந்துவிட்டு நீங்கள் கிளம்பிய அன்று நடந்தது உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டோடு இனிப்புக் கொடுத்தீர்கள், பாட்டுப் பாடித் தூங்கவைத்தீர்கள், மூச்சு சீரானதும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறிவிட்டீர்கள். எந்தக் குழு வந்தாலும் இதுதான் வழக்கம், பிள்ளைகள் அழுதால் வந்தவர்களுக்கு மனசு தாங்காதாம், போதகர் சொல்வார். அழுகிற பிள்ளைக்குத் தாங்குமா என்று யாரும் கேட்டதில்லை. குருவியின் அம்மா செத்தபிறகு அவள் அப்பன் அவளை இங்கே தூங்கவைத்துவிட்டுத்தான் கூலி வேலைக்குப் போனான், திரும்பி வரவேயில்லை, இதை நீ வந்த அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். துடைத்துக்கொண்டு அதையேதான் நீயும் செய்துவிட்டுப் போனாய்.

அன்றிலிருந்து மத்தியானத்தில் அவள் படுப்பதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள், சாயங்காலம் தட்டிலேயே முகம் கவிழ்ந்துவிடுகிறாள். அடம் என்கிறார் போதகர். வேன் ஓட்டுகிறவர் அரிசி வாங்கக் கிளம்பும்போது கண்ணாடியைத் துடைத்தால் போதும், யாரோ விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அலறுகின்றன. நான் என்னம்மா எமனா, துணியை எடுத்தாலே ஒப்பாரி வைக்குதுங்க என்கிறார் பாவம். உங்கள் சபைப் பத்திரிகை வந்தது, குருவி உன் மடியில் இருக்கிற படம், அதன் கீழே, கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம் என்று நீ எழுதியிருந்தாய். உண்மைதான் தாயே. அவள் தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதானே போனாய்.

உன்னை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன்னைப் பார்க்க எனக்கும் ஏக்கம்தான். ஆனால் வந்தால், போகிற நாளை வந்த அன்றே அவளிடம் சொல்லிவிடு. போகும்போது அவள் முழித்திருக்கவேண்டும். உன் துணியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள், கடிப்பாள், கத்தட்டும் கடிக்கட்டும், கேட் வரைக்கும் கூட்டிப்போய் முகத்தைப் பார்த்துப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறு. அதற்குத் தெம்பில்லை என்றால் வராமலே இருந்துவிடு, நான் அழுதுகொள்கிறேன். பிள்ளைகள் தூங்கும்போது வேனை எடுத்தால் முன்னால் படுத்துவிடுவேன் என்று ஓட்டுகிறவரிடம் சொல்லிவிட்டேன், இந்த வயசில் என் டயருக்கு வேலை வைக்காதீங்கம்மா என்று சிரித்தார், ஆனால் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். போதகருக்கு என்மேல் கோபம், மூன்று நாளாகத் தோத்திரம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறார், ஆட்டட்டும்.

மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, பேத்தியின் தலையில் கைவைத்து என் ஆசீர்வாதத்தைச் சொல். பதிலை மறக்காமல் போடு, வருகிறாயா இல்லையா என்று மட்டும் எழுதினால்கூடப் போதும், குருவிக்கு நான் பதில் சொல்லவேண்டும். இதை இல்லத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு இன்றைக்குத்தான் கண்ணை மூடியிருக்கிறாள். கால் மரத்துப்போயிற்று. அவள் முழிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் பாசமும் குறையாத
அம்மா