கயிற்றின் மேல் கிடந்த கம்பளி

என் கம்பளி திரும்பி வந்துவிட்டது. டெல்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் லாஜ்பத் நகரில் ஜோடியாக வாங்கினோமே, நீலம் உங்களுக்கு, அரக்கு எனக்கு என்று, அதில் அரக்கு. இப்போது சோபாவில் மடித்து வைத்திருக்கிறேன். டீசலும் ஈர மண்ணும் கலந்த வாசனை ஹாலைத் தாண்டி அடுப்படிவரை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் கதவைத் திறந்ததும் உங்களுக்கு முன்னால் உள்ளே நுழையுமே, அதே வாசனை. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் கம்பளியை வெளுக்கப் போடவில்லை.

அது காணாமல் போய் எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது. சலவைக் கடையில்தான் தொலைத்துவிட்டார்கள் என்று அந்தக் கடைக்காரரோடு நான் மல்லுக்கு நின்றேன். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "போனாப் போவுது, விடு. அவரு என்ன செய்வாரு?" என்றீர்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கம்பளி நம் வீட்டுக்குக் கீழே நின்ற உங்கள் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது!

போன புதன்கிழமை அதைக் கொண்டுவந்தது, ஞாயிறுதோறும் காடுமேடெல்லாம் வண்டி ஓட்டப் போகும் உங்கள் ஜீப் கிளப்பைச் சேர்ந்த ரூபிந்தர். துவாரகாவில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவள். "அங்கிள் போனதிலிருந்து இது என் வண்டியிலதான் கிடந்தது ஆண்டிஜி. கொடுக்க மனசே வரல" என்று இந்தியில் சொன்னாள். கொடுக்க மனசு வரவில்லையாம். என் கம்பளியை எனக்குக் கொடுக்க!

உங்களிடம் எதற்கு ஒளிவுமறைவு? அந்தக் கிளப் என்றாலே எனக்கு வயிற்றெரிச்சல்தான். போன தை மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்து நடுஹாலில் கிடத்தியிருந்தபோதும் அது அடங்கவில்லை. கிளப்காரர்கள் திரண்டு வந்தார்கள். அழுதுகொண்டே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சேற்றில் கவிழ இருந்த வண்டியை நீங்கள் காப்பாற்றிய கதை, மழையில் எல்லாருக்கும் ரசம் வைத்துக் கொடுத்த கதை, பாலத்துக்கு அடியில் பாடிய கதை. நீங்கள் பாடுவீர்களா? என்னிடம் சொல்ல ஒரு கதையும் இல்லை. உங்களுடைய அந்த வாழ்க்கையில் எனக்கென்று ஒரு மூலையாவது இருந்ததா என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவள்தான், வருஷம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உங்களுக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். காப்பி வேணுமா என்றால் "ம்". மகள் போன் பண்ணினாளே, என்ன சொன்னாள் என்றால் "நல்லாருக்கா". வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள கிளப்பில் வைத்திருந்த அந்த வாக்கி டாக்கி கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவீர்கள். புறப்படுவதற்கு முன்னால் அதைச் சரிபார்க்கிறேன் என்று பால்கனியில் நின்று நீங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறேன். "கோயி பீச்சே நஹீ ரஹேகா பாய், யாரும் பின்னால விடுபட மாட்டீங்க, நான் இருக்கேன்." உள்ளே தோசைக்கல்லோடு நின்றிருந்த எனக்கு அந்தக் கருவியைப் பிடுங்கிக் கீழே போட வேண்டும்போல இருந்தது.

யமுனையில் வெள்ளம் வந்தபோது கரையோரக் குடிசைக்காரர்கள் எல்லாம் மேம்பாலத்து ஓரத்தில் வந்து கிடந்தார்கள். உங்கள் கிளப்தான் இடுப்பளவுத் தண்ணீரில் ஜீப்பை விட்டு ரொட்டியும் தண்ணீர்க் கேனும் கொண்டுபோனது. நம் பேட்டை மயூர் விஹாரே உங்களைப் புகழ்ந்தது. நம் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பான் அப்போது ரிப்பேராகிக் கிடந்ததை யாரும் பேசவில்லை. கோடையில் ஆரவல்லிக் குன்றில் நீங்கள் நட்ட வேப்பங்கன்றுகளுக்கு வாராவாரம் டிரம் டிரம்மாகத் தண்ணீர் போகும். பால்கனியில் என் கறிவேப்பிலை வாடிக்கொண்டிருக்கும். நல்ல காரியந்தான், யார் இல்லை என்றார்கள்? நல்ல காரியம் என்பதால் சண்டைகூடப் போட முடியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். குருகிராமுக்கு அப்பால், பாறையும் பள்ளமுமான இடம். ரூபிந்தரின் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்க வேண்டும். ஓட்டுபவருக்குச் சக்கரம் தெரியாது, அதனால் முன்னால் நிற்பவரின் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று எனக்கு விளக்கினீர்கள். பிறகு வண்டிக்கு எதிரே போய் நின்று, பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து நடந்தீர்கள். வலது கை, இடது கை, நில், வா. அவள் உங்கள் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நீங்களும் அவளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டில் என்னை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்து போவீர்களே, ஒரு நாள் திரும்பிப் பார்த்ததுண்டா? அன்றைக்கு எனக்குத் தலை வலிக்கிறது என்று சொன்னேன். தலை வலிக்கவில்லை.

அதே ரூபிந்தர்தான் புதன்கிழமை நம் சோபாவில் உட்கார்ந்து கம்பளியின் கதையைச் சொன்னாள். சிக்கிய வண்டியை வின்ச் போட்டு, அதாவது இரும்புக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் எந்திரத்தால், இழுக்கும்போது அந்தக் கயிறு அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வந்து ஆளையே அடித்துவிடுமாம். அதனால் கயிற்றின் மேல் கனமாக ஏதாவது போட வேண்டும். சாக்கு, ஜாக்கெட், எதுவானாலும் சரி. நீங்கள் மட்டும் அரக்குக் கம்பளியைத் தவிர வேறெதையும் போட விட்டதில்லையாம். போட்டவர் கையைத் தூக்கிச் "சரி" சொல்லும்வரை வின்ச் ஓடக் கூடாது என்பது கிளப்பின் கட்டுப்பாடு.

"ஏன் இதுதான் வேணும்னு கேட்டோம் ஆண்டிஜி. 'இது என் பெண்டாட்டியோடது. இது மேல கிடந்தா நான் முழுசா வீட்டுக்குப் போயிருவேன்'னு சொன்னாரு."

நான் அவளுக்கு டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். இதை அவளிடம் சொல்ல உங்களுக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. டீத்தூளை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அவள் போன பிறகு கம்பளியை விரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். வெள்ளை நூலால் கோணல் மாணலாகத் தைத்திருந்தது. போனில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரு தடவை கயிறு நிஜமாவே அறுந்துது ஆண்டிஜி. அங்கிள்தான் நேர் எதிர்ல நின்னாரு. கம்பளி கயிற்றைக் கீழே அமுக்கிருச்சு" என்றாள். தைத்தது யார் என்று கேட்டேன். நீங்களேதான், வண்டியில் உட்கார்ந்து, யாரிடமும் கொடுக்காமல் தைத்தீர்களாம். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என் முன்னால் கொண்டுவந்து நீட்டும் மனுஷன்! அன்றைக்கும் வீட்டுக்கு வந்து "நல்லாருந்துது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை அது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை யமுனைக் கரைத் தோட்டக் குடிசைகளுக்குக் குளிர் உடுப்புகள் கொண்டுபோகிறார்கள், கம்பளியைத் திரும்பக் கொடுப்பீர்களா, கிளப்பிலேயே இருக்கட்டுமே என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது. நான் சேர்த்துச் சொன்னேன், "கம்பளி வரணும்னா நானும் வருவேன். அது தனியா எங்கேயும் போகாது."

போனேன். முந்தின நாள் மழை. உடுப்பு மூட்டைகளை ஏற்றிய முதல் வண்டியே கரைச் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. கயிற்றை மாட்டினார்கள். மாட்டிவிட்டு எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். தையல் போட்ட பக்கம் மேலே வரும்படி கம்பளியைக் கயிற்றின் மேல் போட்டேன். அவர்கள் காட்டிய இடத்துக்கு விலகி வந்து நின்றேன். ரூபிந்தர் வண்டியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தாள். மற்றவர்களும் என் கையையே பார்த்தார்கள்.

நான் உடனே கையைத் தூக்கவில்லை. கொஞ்சம் காக்க வைத்தேன். நன்றாக இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்குப் பொறாமையாக இருந்திருக்கும். அப்படித்தான் வேண்டும் உங்களுக்கு.

பிறகு தூக்கினேன். வண்டி முக்கி முனகி வெளியே வந்தது. திரும்பும்போது, "வண்டியிலயே வெச்சுடலாமா ஆண்டிஜி, அடுத்த வாரமும் வேணுமே" என்று கேட்டார்கள். அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் கதைகளை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கிழிசல் என்னுடையது. இதில் யாருக்கும் பங்கு கிடையாது.