தேக்காவில் இரண்டு ஸ்டிக்கர்

வெள்ளி, 11 ஜூலை

காலையிலிருந்து மழை. செங்காங் ரயிலில் ஈரக் குடை வாடை. இன்றுமுதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன்.

செய்ய வேண்டியவை: இயற்பியல் பயிற்சித்தாள். நூலகப் புத்தகம். பள்ளிக்குக் காட்ட வேண்டிய சமூக சேவை, இன்னும் ஆறு மணி நேரம்.

கடைசியதற்குச் சித்தப்பா வழி வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த அறநிறுவனத்துக்கு நாளை கொடி நாளாம். பள்ளிச் சீருடையில் தேக்காச் சந்தையில் நன்கொடை டின்னோடு நிற்க வேண்டும். கொடுப்பவர் சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். "சான்றிதழ் நான் வாங்கித் தர்றேன். கூட்டாளி யாரையாச்சும் கூட்டிட்டு வா லா."

வகுப்புத் தோழி ஷாஹிராவைக் கேட்டேன். முழுதாகக் கேட்காமலே சரி என்றாள்.

டின்னோடு காட்டும் அட்டைக்கு ஒன்பது வயது நோயாளிச் சிறுமி ஒருத்தியைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னார் சித்தப்பா. எழுதினேன். "வயசை ஆறுன்னு போடு. ஒன்பதுக்கு யாரும் நிக்க மாட்டாங்க." போட்டேன். முதலில் தப்பான தகவல் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனி, 12 ஜூலை

வெயில். கால் வலி. டின் கனம்.

கிராஞ்சி விடுதியிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் அட்டையை இரண்டு முறை படித்தார். "எந்த ஆஸ்பத்திரிம்மா? போய்ப் பாக்கலாமா?" எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பாவிடம் கேட்டேன். சிரித்தார். "எந்தப் பாப்பா? நீ எழுதின பாப்பாதானே? உன்னைத்தான் கேக்கணும்."

ஐஸ் போட்ட மைலோ பெங் வாங்கித் தந்தார். குடித்தேன். ஷாஹிராவிடம் நாளை சொல்லலாம்.

சனி, 19 ஜூலை

சொல்லவில்லை. மறுபடியும் போனோம்.

போகாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்றார் சித்தப்பா. அது காரணமில்லை. போன வாரத்தைவிட நன்றாகப் பேசினேன், ஆட்கள் நின்றார்கள், எனக்குப் பிடித்திருந்தது.

இன்று வேறோர் அமைப்பின் உண்மையான கொடி நாள். வேறு பள்ளிப் பிள்ளைகள், நீல ஸ்டிக்கர். சித்தப்பா இதைப் பார்த்து வைக்கவில்லை. ஒரு பெண்மணி அட்டையைப் படித்துவிட்டு இரக்கத்தில் ஷாஹிராவின் டின்னிலும் போட்டார். மஞ்சளை ஒட்டப் போனால் அவர் புடவையில் ஏற்கெனவே நீலம்.

"ஒரே நாள்ல ரெண்டு கொடி நாளா? அனுமதிக் கடிதம் எங்கம்மா?"

ஷாஹிரா என்னைத் தேடினாள். நான் பூக்கடைக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பெண்மணி டின்னைப் படம் எடுத்தார், பிறகு அவளை, பிறகு சட்டையில் இருந்த அவள் பெயரை.

திங்கள், 21 ஜூலை

ஒழுங்கு ஆசிரியர் இருவரையும் அழைத்தார். அந்தப் பெண்மணி அனுப்பிய படம் மேசைமேல். படத்தில் அவள் மட்டும்.

ஷாஹிரா பயப்படவே இல்லை. "சார், டின் இவ சித்தப்பா கொடுத்தது. இவளையே கேளுங்க."

"எனக்குத் தெரியாது சார். அவதான் என்னைக் கூப்பிட்டா" என்றேன்.

"ஏய், விளையாடாத லா." சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் என்னை வகுப்புக்குப் போகச் சொல்லும்வரை அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

வீட்டில் சித்தப்பா இல்லை. அவர் பையும் இல்லை. "வேலை விஷயமா பாலம் தாண்டி ஜொகூர் போயிருக்கான்" என்கிறார் அம்மா.

நாளை எழுத்தில் விளக்கம் தர வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, நானே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அவள் என்னை அழைத்த இடம், சொன்ன வார்த்தைகள், அப்போது அவள் கையிலிருந்த பச்சைப் பேனா. படித்துப் பார்த்தேன். நானே நம்பிவிடுவேன்.

ஷாஹிராவின் செய்தி: "பயந்துட்டேல்ல? பரவால்ல. நாளைக்குச் சொல்லிடு."

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.