முட்டிக்காக ஒரு பாதயாத்திரை

ஜன. 23, வெள்ளி

காலையில் நல்ல பனி. மேற்கு மலை காணவே இல்லை, திராட்சைப் பந்தல்கூட பாதிதான் தெரிந்தது. பஸ்ஸில் காலை நீட்டி உட்கார இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர் அண்ணன் நன்றாக இருக்கட்டும்.

டாக்டர் சொன்னது: முட்டியில் லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பந்தைப் பார்க்கக்கூடக் கூடாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நடக்கலாமா என்று கேட்டேன். இப்போது எப்படி வந்தாய் என்று கேட்டார். இவரிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

டீம் நிலவரம், அழாமல் எழுத வேண்டும்:

கேப்டன் (நான்தான்): முட்டி.
ஒருத்தி: கணுக்கால். அவளாகவே குழியில் காலை விட்டாள். எதிர் டீம்காரி பக்கத்திலேயே இல்லை.
ஒருத்தி: தோள்பட்டை.
ஒருத்தி: கல்யாணம். இதைக் காயத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. எல்லோரும் போய் மூக்குமுட்டச் சாப்பிட்டோம்.
ஒருத்தி: அம்மாவுக்கு முடியாததால் இவள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறாள். மலையிலிருந்து இறங்கி வந்தபின் அவளிடம் பந்தைப் பற்றிப் பேசினால் அடிப்பாள்.

பதினான்கில் மிச்சம் ஒன்பது.

முதல் இரண்டு மேட்ச் ஜெயித்தபோது கல்லூரி வாசலில் எங்கள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அடுத்த இரண்டும் தோல்வி. ஃப்ளெக்ஸை யாரும் கழற்றவில்லை. அதைப் பார்க்காமல் உள்ளே நுழைய இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு மேட்ச். பிப். 4, தேனி. கல்லூரி முதல்வர் பி.டி. மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: லீக்கை ஒழுங்காக முடித்தால் அடுத்த வருஷமும் பெண்கள் ஃபுட்பால் உண்டு. ஆள் இல்லை என்று பாதியில் நின்றால் இந்த வருஷத்தோடு சரி. ஜெயிப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அதுவே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

விதிப்படி மைதானத்தில் ஏழு பேராவது நிற்க வேண்டும். ஆறு ஆனால் ஆட்டம் முடிந்தது.

நான் பி.காம். மூன்றாம் வருஷம். அடுத்த வருஷம் ஃபுட்பால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் இங்கே இல்லை. பிறகு எனக்கென்ன என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். எனக்குத்தான் எல்லாம் என்று தெரிந்தது.

ஜன. 27, செவ்வாய்

வெயில். காற்று அதிகம், மைதானம் முழுக்கப் புழுதி.

ஆள் பிடிக்கும் வேலை. கோ-கோ டீமில் கேட்டேன், சிரித்தார்கள். நூலகத்தில் கேட்டேன், எழுந்து போய்விட்டார்கள். கபடி டீமில் பேச்சி மட்டும் வருகிறேன் என்றாள். முதல் வருஷம், தேவதானப்பட்டி, தினம் இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. ஆள் கதவு மாதிரி. பின்களத்தில் நிறுத்தினால் யாரும் தாண்ட முடியாது. ஒரே சிக்கல், யார் கிட்டே வந்தாலும் கை இரண்டும் தானாக முன்னால் போகிறது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பயிற்சி எடுக்கச் சொன்னேன். இப்போது கைகட்டி நிற்கும் கதவு.

கோல் கீப்பர் ஜன்னத் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். ஜன்னத்துக்குக் கம்பம், அவள் உம்மாவுக்குக் குமுளிப் பக்கம். கோபம் வந்தால் மலையாளத்தில் திட்டுவாள், சிரிப்பு வந்தாலும் மலையாளம்தான்.

முத்து இன்று சரியில்லை. எங்கள் கோல் எல்லாம் அடித்தவள் அவள். கடமலைக்குண்டுக்காரி, என் உயிர்த்தோழி, இரண்டாம் வருஷம்தான் என்றாலும் என்னை ‘டி’ போட்டுத்தான் பேசுவாள். பயிற்சி முடிந்ததும் என் முட்டியைத் தொட்டுப் பார்த்து, நாலாந்தேதிக்குள் சரியாகுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன். சரி சரி என்று போய்விட்டாள். இவளுக்கு என்ன வந்தது?

ஜன. 28, புதன்

பயிற்சிக்கு ஐந்து பேர்தான். ஐந்து பேரும் பேச்சியும்.

முத்துவும் இன்னும் மூன்று பேரும் வரவில்லை. நாலு போனும் சுவிட்ச் ஆஃப். முத்துவிடமிருந்து நேற்று ராத்திரி வந்த மெசேஜ் மட்டும்: பெரியம்மா வீட்டு விசேஷம், ஞாயிறு வரை வரமாட்டேன். மற்ற மூன்று பேருக்கும் அதே பெரியம்மாவா?

மிஸ் விசிலை வாயில் வைத்தபடியே ஊதாமல் நின்றார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. முத்து என் கையில் கிடைக்கட்டும்.

இரவு சாப்பாடு: இட்லி, அம்மாவின் புலம்பல். முட்டி போய்விட்டால் மாப்பிள்ளை கிடைக்காதாம். முட்டியைப் பார்த்தா பெண் கேட்பார்கள் என்றேன். சட்னி கிடைக்கவில்லை.

ஜன. 30, வெள்ளி

குட்டு வெளியானது.

பேச்சி வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கை வேறு கட்டியிருந்தது, பாவம், குற்றவாளிபோல நின்றாள். என்ன என்று அதட்டினேன்.

“அக்கா, முத்தக்காவ எங்க ஊரு ரோட்டுல பாத்தேன். பச்சைச் சேலை, காலுல செருப்பு இல்ல. நாலு பேரும் அன்னதானப் பந்தல்ல உக்காந்து பொங்கல் தின்னுக்கிட்டிருந்தாக. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக.”

தைப்பூசம். பழனிக்குப் பாதயாத்திரை. எதற்கு என்று கேட்டேன்.

“உங்க முட்டிக்குத்தான். கடைசி மேட்ச்சு நீங்க ஆடணும்னு வேண்டிக்கிட்டாகளாம்.”

எனக்கு வந்த கோபம்! உட்கார்ந்த இடத்தில் வேண்டிக்கொள்ளக் கூடாதா? மேட்சுக்கு முந்தைய வாரம், நன்றாக இருக்கும் எட்டுக் கால்களைக் கொண்டுபோய்த் தார் ரோட்டில் தேய்த்து, ஆடவே முடியாத ஒரு முட்டியைக் காப்பாற்றப் போயிருக்கிறார்கள். அதிலும் நான் அனுமந்தன்பட்டிக் கிறிஸ்தவள். முருகனுக்கு என் முகவரியாவது தெரியுமா?

மைதானத்திலேயே கத்தினேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். இவ்வளவு அன்பாக யாரும் என் சீசனைக் கெடுத்ததில்லை.

மிஸ்ஸிடம் சொன்னேன். செருப்புப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று மட்டும் சொன்னார்.

பிப். 2, திங்கள்

வந்துவிட்டார்கள். மைதானத்துக்குள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, சூடான மணலில் கோழி நடப்பதுபோல. நாலு முகமும் கறுத்து, எல்லாவற்றிலும் சிரிப்பு.

திட்ட வேண்டியதை எல்லாம் ராத்திரியே யோசித்து வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே முத்து உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்பளம் அப்பளமாகக் கொப்புளம்.

“நீ இல்லாம ஆடுறதுக்கு எங்களுக்குக் காலு எதுக்குடி?” என்றாள்.

வசனம் பேசாதே என்றேன். அவள் பையிலிருந்து விபூதியை எடுத்து, உத்தரவு கேட்காமலே என் முட்டியில் அழுத்திப் பூசினாள். மற்றவர்கள் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தார்கள். ஜன்னத்துக்குத்தான் அதிகம் போனது. மிஸ்ஸும் விரலை விட்டு எடுத்துக்கொண்டார், திட்டும் பொறுப்பை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு.

பூட்ஸ் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேருக்குக் காலை உள்ளே விடவே முடியவில்லை. ஒருத்தி பஞ்சு சுற்றிப் போட்டுக்கொண்டாள். முத்து தன் அண்ணன் பூட்ஸைக் கொண்டுவருகிறாளாம், இரண்டு சைஸ் பெரியது, கொப்புளத்தில் உரசாதாம்.

ஆக, பேச்சியோடு சேர்த்து எட்டு. ஏழுக்கு ஒன்று கூட. எதிர் டீமில் பதினொரு பேர், பெஞ்சில் இன்னொரு ஏழு பேர்.

வீட்டில் அம்மா விபூதியைப் பார்த்துவிட்டாள். யார் பூசியது என்று கேட்டாள். சொன்னேன், நடந்தது எல்லாம். அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். சரி, இன்றைக்கும் சட்னி இல்லை என்று நினைத்தேன். வேப்பெண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

“அந்தப் பிள்ளைக காலுக்குப் போடச் சொல்லு. தண்ணி படாமப் பாத்துக்கிறச் சொல்லு.”

பிப். 3, செவ்வாய்

மேகமூட்டம். பயிற்சி இல்லை, எண்ணெய் போடுவது மட்டும். மைதானம் முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம்.

சப்ஸ்டிட்யூட் பட்டியலில் மிஸ் என் பெயரையும் எழுதியிருக்கிறார். காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமாம்.

காலைப் பூசைக்குப் போன அம்மா நாலு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். எனக்கு எத்தனை என்று கேட்டேன். உனக்குத்தான் பழனியில் ஆள் இருக்கிறதே என்றாள்.

பிப். 4, புதன்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்.

தேனி மைதானம். நல்ல வெயில். எதிர் டீமுக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் தண்ணீர்ப் பாட்டில். எங்களுக்கு மிஸ் வீட்டுக் குடம்.

முதல் பாதியில் மூன்று கோல் வாங்கினோம். ஜன்னத் தடுத்தது அதைவிடப் பல மடங்கு. தடுக்கும் ஒவ்வொரு தடவையும் மலையாளம். பெஞ்சில் நானும் பூட்ஸ் நுழையாத செருப்புக் கால்கள் இரண்டு ஜோடியும் தொண்டை கிழியக் கத்தினோம்.

இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு. அப்புறம்தான் அது நடந்தது. எதிர் டீம் பெண் ஒருத்தி பேச்சியைத் தாண்டிப் பந்தோடு ஓடினாள், முன்னால் ஜன்னத் மட்டும். பேச்சி பாய்ந்து, விழுந்து, அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். அருமையான பிடி. பிடித்ததோடு விடாமல், நடுவரை நிமிர்ந்து பார்த்து, பாயிண்ட் சொல்வார் என்று காத்திருந்தாள்.

ரெட் கார்டு. ஏழு.

பேச்சி அழுதுகொண்டே வெளியே வந்தாள். அவளை எதிர் டீம் பெஞ்சில் இருந்தவர்களே கைதட்டி அனுப்பினார்கள். எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

கொஞ்ச நேரத்தில் நடுக்களத்தில் ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. நடுவர் மிஸ்ஸிடம் வந்து, ஆள் இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

மிஸ் என் முட்டியைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

“நான் போகச் சொல்ல மாட்டேன் ரெஜினா.”

“நீங்க சொல்ல வேணாம் மிஸ்.”

பையில் பூட்ஸ் இருந்தது. சும்மாதான் கொண்டுபோயிருந்தேன். சும்மாதான்.

“அங்கன கோட்டுப் பக்கமா நின்னாப் போதும். ஓடுனீன்னா உள்ள வந்து நானே இழுத்துட்டுப் போயிருவேன்” என்றார் மிஸ்.

நின்றேன். சத்தியமாக நின்றேன். புல்லுக்குள் கால் வைத்ததும் வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. முத்து தூரத்திலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள், முருகனுக்கா எனக்கா தெரியாது.

ஜன்னத் உதைத்த பந்து நேராக என்னிடம் வந்தது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை, நடக்கவே முடியாதவளை யார் கவனிப்பார்கள்? நல்ல காலால் முத்துவுக்குத் தள்ளினேன். அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டம்! ஓங்கி உதைத்தாள். அண்ணன் பூட்ஸும் சேர்ந்து பறந்தது. பந்து ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம். அவர்கள் கீப்பர் பூட்ஸைப் பிடித்தாள்.

கோல்.

நடுவர் யோசித்தார், சிரிப்பை அடக்கினார், நடுக்கோட்டைக் காட்டினார். செல்லும். முத்து ஒற்றைக் காலில் நொண்டி வந்து என் மேல் விழுந்தாள். முட்டி, முட்டி என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வந்து விழுந்தார்கள்.

அதன்பின் பந்தைப் பிடித்து வெளியே உதைப்பதுதான் வேலை. ஏழு பேரும் கடைசி வரை நின்றோம். விசில் ஊதியது. ஐந்துக்கு ஒன்று, தோல்வி. எதிர் டீம்காரிகள் எங்களைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள், ஜெயித்த அவர்களைவிடத் தோற்ற நாங்கள்தான் அதிகம் கத்தினோம்.

பஸ்ஸில் சின்னமனூர் வரை பாட்டு. பேச்சி மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு பிடியைத் தேனி ஜில்லா பார்த்ததில்லை என்று ஜன்னத் சொன்னதும் அவளும் பாட ஆரம்பித்தாள்.

பிப். 5, வியாழன்

முட்டி வீக்கம். ஐஸ். அம்மா திட்டவில்லை, கோல் எப்படிப் போட்டீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டாள்.

முதல்வர் மிஸ்ஸையும் என்னையும் கூப்பிட்டார். ஆட்டம் கடைசி வரை நடந்ததா என்றார். நடந்தது சார் என்றோம். சரி, அடுத்த வருஷத்துக்கு வேண்டியதை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். வெளியே வந்து மிஸ் என்னைக் கட்டிப்பிடித்தார். மிஸ் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் சும்மா மைதானத்துக்குப் போனோம், முத்து நொண்டி, நான் நொண்டி. முதல் வருஷத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக கோல் கம்பத்துக்கிட்டே நின்றார்கள். நூலகத்தில் எழுந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். டீமில் சேர இங்கே யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள்.

முத்து என்னைக் காட்டினாள். நான் முத்துவைக் காட்டினேன்.